டில்லி கேட் மேலிருந்து ஆட்டிய முந்தானை

எனக்கு உயரம் என்றாலே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏதோ தைரியசாலி என்று நினைத்துக்கொள்வீர்கள். நெமிலிப் பக்கம் பிறந்தவள் நான். எங்கள் ஊர் ஏரிக்கரையைவிட உயரமான எதன் மேலும் கல்யாணம் ஆகும்வரை நான் முழுசாக ஏறியதில்லை. ஒருமுறை வேண்டுதல் என்று எல்லோரையும் சோளிங்கர் மலைக்குக் கூட்டிப்போனார்கள். பாதிப் படியில் உட்கார்ந்து நான் போட்ட கூச்சலில், அப்பா என்னைத் திரும்பத் தூக்கிக்கொண்டு இறங்கி, அடிவாரத்தில் ஒரு பூக்காரியிடம் விட்டுவிட்டுப் போனார். மலைமேல் இருக்கிற நரசிம்மர் மன்னித்திருப்பார். என் அண்ணன்கள் அதைச் சொல்லிக் காட்டாத தீபாவளி கிடையாது.

அப்படிப்பட்டவள் ஆர்க்காட்டு டில்லி கேட்டின் உச்சியில் ஏறி நின்றேன் என்றால், அதற்கு என் வீட்டுக்காரரின் வாய்தான் காரணம்.

அவர் மேல்விஷாரத்தில் தோல் பதனிடுகிற ஒரு சாயபுவிடம் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். பதனிட்ட தோலைக் கட்டுக்கட்டாக ஏற்றி, ஆர்க்காடு வந்து, பாலாற்று மணலைக் கடந்து, அக்கரையில் ராணிப்பேட்டை ரயிலடியில் இறக்கிவிட்டு வரவேண்டும். வாரத்தில் பாதி நாள் இதே வேலைதான். தோல் வாசனை அவர் மேலிருந்து குளித்தாலும் போகாது. கல்யாணமான புதிதில் எனக்குக் குமட்டும். பிறகு அந்த வாசனை வாசலில் வராவிட்டால்தான் தூக்கம் பிடிக்காது.

மேல்விஷாரத்திலேயே குடியிருந்தோம், வீட்டில் எங்களோடு அவருடைய அக்காவும் இருந்தாள். தாய் போனபிறகு அவரை வளர்த்தவள் அவள்தான். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பியோடு வந்து தங்கியவள். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வாய் கத்தி மாதிரி இருக்கும், ஆனால் தம்பி சாப்பிடாமல் அவள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

அந்த ஐப்பசியில் ஒரு நாள், ஆர்க்காட்டுச் சந்தையில் சட்டிபானை, மஞ்சள், குங்குமம் வாங்கவேண்டும் என்று நானும் அண்ணியும் தோல் கட்டுகளின் மேல் உட்கார்ந்து வண்டியில் வந்தோம். வாங்கியதும் ஆற்றங்கரையில் டில்லி கேட் அருகே எங்களை இறங்கச் சொன்னார்.

"இதுக்கு மேல நீங்க வேணாம். மணல்ல வண்டி இழுக்காது. நான் அக்கரைக்குப் போய் எறக்கிட்டு வர்றேன். இங்கயே நெழல்ல குந்துங்க."

அண்ணி ஆற்றைப் பார்த்தாள். "அய்ப்பசி மாசம்டா. பாத்துப் போ."

"எங்கக்கா மழை பேஞ்சுது? புழுதி பறக்குது பாரு."

அது நிஜம். வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஆறு என்று பெயர்தானே ஒழிய கண்ணுக்கு எட்டியவரை வெறும் மணல். நடுவில் ஒரு ஓடை, கணுக்கால் நனையுமோ என்னவோ.

நான் கோட்டை வாசலை அண்ணாந்து பார்த்தேன். அந்தக் காலத்துக் கோட்டையில் மிச்சம் அது ஒன்றுதான். சுவரெல்லாம் போய்விட்டது, வாசல் மட்டும் தனியாக நிற்கிறது. கீழே பெரிய வளைவு, மேலே அறை, அதற்கும் மேலே மொட்டை மாடி. நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"இன்னா, ஏறப் போறியா? நீ ஏணி மேலயே ஏற மாட்டியே!"

"ஏறுவேன்."

"ஏறினன்னு எனக்கு எப்டித் தெரியும்? ஏறாமயே ஏறினேன்னு சொல்லுவ."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "திரும்பி வரும்போது நடு ஆத்துலேந்து பாருங்க. மேல நின்னு முந்தானைய ஆட்டுறேன்."

"ஆட்டு. நானும் துண்டை ஆட்றேன். ஆட்டலன்னா வீடு வர்ற வரைக்கும் உன்னை நடக்க வுட்டுடுவேன்." சிரித்துக்கொண்டே மாட்டை ஓட்டினார்.

"ரெண்டும் சின்னப் பசங்க," என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள்.

வெகுநேரம் நிழலில் உட்கார்ந்திருந்தோம். வெயில் கொஞ்சம் சாய்ந்ததும், இனி வந்துவிடுவார் என்று எழுந்தேன். அங்கே காவலுக்கு ஒரு பாய் இருந்தார். கதவைத் திறந்துவிட்டு, "சுவத்தோரமா போங்கம்மா. மேல மேக்குப் பக்கம் கைப்பிடிச் சுவரு இடிஞ்சிருக்கு. காத்து வேற ஜாஸ்தி," என்றார். தனியாகப் போக விடமாட்டேன் என்று அண்ணியும் முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தாள்.

படிக்கட்டு இருட்டு. வௌவால் நாற்றம் மூக்கைத் துளைத்தது. ஒவ்வொரு படியும் ஒவ்வொரு உயரம். சுவரைத் தடவிக்கொண்டு, காலால் படியைத் தேடித்தேடி ஏறினேன். பாதியில் என்னவோ முகத்தை உரசிக்கொண்டு பறந்தது. ஐயோ என்று அலறி அண்ணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். "உன் வீறாப்புக்கு நான் சாவணுமா, எறங்குடி," என்றாள். இறங்கியிருக்கலாம். அவர் சிரிப்பை நினைத்துக்கொண்டு ஏறினேன்.

மாடி வாசலுக்கு வந்ததும் அண்ணிக்குத் தலை சுற்றியது. கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நீ போய் ஆட்டித் தொலச்சுட்டு வா. நான் இப்டியே இருக்கேன்." அங்கிருந்து பார்த்தால் அவளுக்கு வானம் மட்டும்தான் தெரியும்.

வெளியே காலை வைத்ததும் காற்று புடவையைப் பிடித்து இழுத்தது. குனிந்து, தவழாத குறையாக, ஆற்றுப் பக்கத்துக் கைப்பிடிச் சுவர் வரை போய் அதை இறுக்கிப் பிடித்தபடி கண்ணைத் திறந்தேன். அம்மாடி! அக்கரை தெரிகிறது, தோப்பு தெரிகிறது, மேற்கே மேல்விஷாரத்துப் பக்கம் காயப்போட்ட தோலுக்கு மேலே பருந்துகள் வட்டமிடுவதும், அதற்கும் அப்பால் வேலூர் மலைகளும் தெரிகின்றன. கீழே பார்க்கக் கூடாது என்று முடிவுசெய்து ஆற்றைப் பார்த்தேன்.

நடு ஆற்றில் எங்கள் வண்டி. காலி வண்டிதான், இருந்தாலும் மணலில் பாதி வந்ததும் மாட்டை அவிழ்த்து ஓடையில் தண்ணீர் காட்டி, கொஞ்சம் ஆறவிட்டுத்தான் வருவார். ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல் நிற மயிலை. இரண்டும் தலையைத் தாழ்த்திக் குடித்துக்கொண்டிருந்தன. அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு டில்லி கேட்டைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் முந்தானையை உருவி ஆட்டினேன். சிவப்புச் சேலை. அவர் பார்த்துவிட்டார்! தலைத்துண்டை அவிழ்த்துச் சுழற்றினார். மணலில் ஒரு குதி வேறு குதித்தார். பயத்தோடு பயமாக எனக்குச் சிரிப்பும் வந்தது. என் அண்ணன்கள் இதைப் பார்க்கவில்லையே என்று இருந்தது.

அப்போதுதான் மேற்கே கொக்குகள் எழும்பின. ஒன்றிரண்டு இல்லை, கூட்டம் கூட்டமாக எழும்பி ஆற்றோடு கிழக்கே பறந்து வந்தன. அவற்றுக்குப் பின்னால் மணலின் நிறம் மாறிக்கொண்டு வந்தது. மேகத்தின் நிழல் என்றுதான் முதலில் நினைத்தேன். அண்ணாந்து பார்த்தேன், மேகமே இல்லை. ஏரிக்காரிக்கு ஆறு தெரியாது. ஏரியில் தண்ணீர் மெல்ல மெல்லக் கூடும், இப்படிக் கரையிலிருந்து கரை வரை ஒரே கோடாக நடந்து வராது. அந்தக் கோட்டின் மேல் ஒரு கூரை, ஓலைக் கூரை, அப்படியே முழுசாக மிதந்து திரும்பியபோதுதான் எனக்குப் புரிந்தது. எங்கேயோ ஆம்பூர் வாணியம்பாடிப் பக்கம் மழை கொட்டியிருக்கிறது. அந்தத் தண்ணீர் வருகிறது. சத்தமே இல்லாமல், நல்ல வெயிலில் வருகிறது. என் புருஷன் அதற்கு நேர் எதிரே நின்று துண்டு ஆட்டிக்கொண்டிருக்கிறார்.

கத்தினேன். காற்று என் சத்தத்தை என் முகத்திலேயே திருப்பி அடித்தது. முந்தானையை வெறிபிடித்தாற்போல் ஆட்டினேன். அவரும் அதேபோல் ஆட்டினார். நான் ஆட்ட ஆட்ட அவருக்குக் குஷி. போங்க, ஓடுங்க என்று கையை வீசினேன். அதற்கும் துண்டுதான். மேற்கே பாருங்கள் என்று கையை நீட்டிக் காட்டினேன். மேற்கேதானே எங்கள் வீடும் இருக்கிறது! வீட்டுக்குப் போகலாமா என்று கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். இரு, வர்றேன் என்கிற மாதிரி உள்ளங்கையைக் காட்டினார். காட்டிவிட்டு, வண்டி நுகத்தடியில் சாய்ந்து உட்கார்ந்து, மடியிலிருந்து சுருட்டை எடுத்தார்.

படியிறங்கிக் கரைக்கு ஓடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அந்த இருட்டில் இறங்கி, கரைக்குப் போய், அந்தத் தூரத்துக்குக் கத்தி, அவருக்குக் கேட்டு... அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கட்டின நாள் முதல் என் வாயில் வராத பெயர். தொண்டை கிழியக் கூப்பிட்டேன். ஆற்றில் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் படியில் கேட்டது.

பிறகு நடந்ததை நான் யோசித்துச் செய்ததாகப் பின்னால் அவரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். அந்தத் தண்ணீரையும், சுருட்டுப் பற்றவைக்கக் குனிந்த அந்தத் தலையையும் ஒன்றாகப் பார்த்தேன். போய்விட்டார் என்று எனக்குத் தோன்றியது. என் இரண்டு கையும் தானாக மேலே போய் என் மாரில் விழுந்தன. செத்த வீட்டில் பெண்கள் எப்படி அடித்துக்கொள்வார்களோ அப்படி அடித்துக்கொண்டேன். அவரைக் கூப்பிடுவதற்காக அடித்த அடி இல்லை அது. புருஷனைப் பறிகொடுத்தவள் அடித்துக்கொள்கிற அடி.

அவர் தலையைத் தூக்கினார். எழுந்தார். இப்போது துண்டை ஆட்டவில்லை.

அதைப் பார்த்ததும்தான் எனக்குப் புத்தி வந்தது. முந்தானைக்கு அசையாத மனுஷர் இதற்கு அசைகிறார்! கொண்டையை அவிழ்த்துத் தலையை விரித்துப்போட்டேன். சுவரை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தூக்கி அடித்தேன். அண்ணி தன் புருஷன் பிணத்தின் முன்னால் இப்படித்தான் அடித்துக்கொண்டாள், அவர் பார்த்திருக்கிறார். எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாலும் அதை வேறெதுவாகவும் அவரால் நினைக்க முடியாது. சுருட்டைப் போட்டுவிட்டு ஓடிவரத் தொடங்கினார்.

பின்னாலிருந்து அண்ணி என் கையைப் பிடித்தாள். தம்பியின் பெயரை நான் கத்தியது கேட்டுத் தவழ்ந்து வந்திருக்கிறாள். வந்து பார்த்தால், தலைவிரிகோலமாக நான் மாரில் அடித்துக்கொண்டு நிற்கிறேன்.

"அடிப்பாவி! இன்னாடி பண்ற? என் தம்பி உசுரோட இருக்கான்டி!"

கையை உதறிக்கொண்டு மறுபடி அடித்தேன். ஓங்கி ஒரு அறை விட்டாள். காது அடைத்துப்போனது. அவள் கன்னத்தைப் பிடித்து ஆற்றுப் பக்கம் திருப்பினேன்.

அவள் பார்த்தாள். அடுத்த அறைக்குத் தூக்கிய கை அப்படியே நின்றது.

மணலில் ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கால் முன்னால் வைத்தால் பாதி பின்னால் போகும். நடுவில் அவர் நின்று மாடுகளைத் திரும்பிப் பார்த்தார். ஐயோ, நிற்காதீங்க! இன்னும் ஓங்கி அடித்துக்கொண்டேன். மறுபடி ஓடினார். மயிலை அவர் பின்னாலேயே வந்தது. வெள்ளை அசையாமல் நின்றது. "ஓடுடா, ஓடுடா," என்று அண்ணி சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். இப்போது சத்தமும் வந்துவிட்டது. வண்டி நிறைய கூழாங்கல்லை ஒரேயடியாகக் கவிழ்க்கிற சத்தம், ஆனால் நிற்காத சத்தம். தண்ணீர் வண்டியைத் தொட்டது, தூக்கியது, ஒரு சுற்றுச் சுற்றியது. வெள்ளை மாட்டைக் காணவில்லை. அவர் கரையோர நாணலுக்குள் நுழையும்போது தண்ணீர் முழங்காலில் இருந்தது. அதற்கப்புறம் மரம் மறைத்துவிட்டது.

ஏறினாரா இல்லையா தெரியாது. கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் கரை இருக்கிறது, ஆனால் ஏறினாரா இல்லையா தெரியாது. என் ஆயுசில் அதைவிடப் பெரிய பயம் எனக்கு வந்ததில்லை. அந்த இருட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாகச் சறுக்கி இறங்கினேன். அண்ணி பின்னால், என் தலைமயிரைக் கயிறு மாதிரி பிடித்துக்கொண்டு. பாதியில் கீழேயிருந்து யாரோ மூச்சு இரைக்க ஏறி வருகிற சத்தம் கேட்டது. இருட்டில் முகம் தெரியவில்லை. தோல் வாசனை வந்தது.

"யாரு? யாருக்கு இன்னா ஆச்சு?" கையால் துழாவி என்னைத் தாண்டி அண்ணியின் முகத்தைத் தடவிப் பார்த்தார். "அக்கா... அக்கா, நீ மேலேந்து வுழுந்துட்டன்னு நெனச்சேன்கா." அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். இடுப்புவரை நனைந்திருந்தார், அது எதனால் என்பதுகூட அப்போது அவருக்கு முக்கியமாக இல்லை.

வெளியே வந்து ஆற்றைப் பார்த்தபிறகுதான் அவருக்கு விளங்கியது. அப்படியே தரையில் குந்திவிட்டார். மயிலை பக்கத்தில் நின்று உடம்பை உதறிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து, "அப்போ நீ எனக்குத்தான் அடிச்சிக்கினியா?" என்றார்.

அண்ணிதான் எழுந்தாள். பாயிடம் கேட்டுக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து என் தலையில் ஊற்றினாள். ஈரத்தோடு தலையை வாரி முடிந்தாள். சந்தையில் வாங்கிய மஞ்சளை உரைத்துத் தாலிக்கயிற்றில் பூசினாள், நெற்றியில் குங்குமத்தை அவரையே வைக்கச் சொன்னாள். விதவை அவள், தன் கையால் வைக்கமாட்டாள். எல்லாம் முடிந்ததும் சொன்னாள்: "நடந்தத யாரும் வெளிய சொல்லக் கூடாது. அவனே தண்ணியப் பாத்தான், ஓடி வந்தான். அவ்ளோதான்." சாயபுவிடமும் அப்படியே சொன்னோம். அந்த மனுஷர், மாடு போனால் போகிறது, ஆள் வந்தானே என்று சொல்லி வேறு மாடு வாங்கிக் கொடுத்தார்.

ஆள் வந்தார். ஆனால் என் பயம் போகவில்லை. உயிரோடு இருக்கிற புருஷனுக்கு மாரில் அடித்துக்கொண்டவள் நான். அது சும்மா போகுமா? அவர் ஒரு இருமல் இருமினால் கஷாயம் வைக்க எழுந்துவிடுவேன். வண்டி வர நேரமானால் தெருமுனைக்கு ஓடுவேன். தூங்குகிறவரின் மார்பில் கையை வைத்து மூச்சைப் பார்ப்பேன். "இன்னும் இருக்கேன்மா, தூங்கு," என்பார் கண்ணைத் திறக்காமலே. ஊரில் சாவு விழுந்தால் எல்லாப் பெண்களும் போவார்கள், நான் போகமாட்டேன், அந்த அடிகளின் சத்தத்தை என்னால் கேட்க முடியாது. அண்ணி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் தம்பி பெயருக்கு விளக்கு ஏற்றினாள். அவள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், என் தம்பியைப் பாதி அனுப்பிவிட்டாயேடி என்று பார்ப்பதாகவே எனக்கு இருக்கும். ஆற்றில் பாலம் வந்து வண்டிகள் மணலில் இறங்குவது நின்றபிறகும் ஐப்பசி பிறந்தால் எனக்குச் சோறு இறங்காது.

பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, மூத்தவளுக்கும் பிள்ளை பிறந்தபிறகு, ஒரு தை மாதத்தில் ஜுரம் கண்டு அவர் போனார். ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

பெண்கள் வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரோ என் கொண்டையை அவிழ்த்தார்கள். எல்லோரும் என் கையையே பார்த்தார்கள். கையைத் தூக்கினேன். மாடியில் அடித்த காற்று காதில் இரைந்தது, துண்டைச் சுழற்றிக் குதித்த அந்த மனுஷர் கண் முன்னால் வந்து நின்றார்.

கூன் விழுந்து, கண் மங்கிப்போயிருந்த அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்தாள். டில்லி கேட் மேல் பிடித்த அதே பிடி.

"வேணாம்டி. நீ அன்னிக்கே அடிச்சிட்ட. அதுலதான் இத்தினி நாள் இருந்தான்."

என் கைகளை மடியில் இறக்கி வைத்தாள். பிறகு எனக்கும் சேர்த்து அவளே அடித்துக்கொண்டாள்.